என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்

சேசு மரி சூசை

அதியமான்கோட்டை
18-4-1971

அன்பான மாப்பிள்ளை செபாஸ்டினுக்கு மரியசூசை எழுதுவது. சர்வேசுரன் கிருபையில் இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. மதராசில் நீங்களும் என் தங்கை ராஜமேரியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு முதுகு வலி விட்டதா?

மாப்பிள்ளை, கார் வாங்கிவிட்டேன். சிரிக்காமல் மேலே படியுங்கள். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக்காரர் வைத்திருந்த பழைய மாரிஸ் வண்டி, யுத்தத்துக்கு முந்தியது. இரண்டு பக்கமும் ஆள் ஏறி நிற்கிற மாதிரி அகலமான ஃபுட்போர்டு இருக்கிறது. வயசான வண்டி என்று புஷ்பமேரி முகம் சுளித்தாள். நீயும் நானும் மட்டும் என்ன இளசா என்று கேட்டேன். லைசென்சும் எடுத்துவிட்டேன். பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மாதையன் தன் பங்குக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். உங்களுக்கு அவனைத் தெரியும். நம் கிணறு வெட்டிய நாளிலிருந்து என்னிடம் கூலிக்கு இருப்பவன், உங்கள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன். காரை என்னைவிட அவன்தான் அதிகம் துடைக்கிறான்.

அந்தோணியார் திருநாளுக்குப் பிரசங்கச் சாமியாரை இந்த வருஷம் சேலம் ஸ்டேஷனிலிருந்து நம் காரில்தான் அழைத்து வரப்போகிறேன். கோயில் கமிட்டித் தலைவனான நான் கார் வைத்திருந்தால் அதற்கு ஒரு அர்த்தம் வேண்டாமா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சேலத்து ஏஜெண்டு ஒருவர் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் விடக்கூடாது என்கிறார். அதில் பெரிசு சிறிசு என்று வகை சொல்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நீங்கள் இன்சூரன்ஸ் ஆபீசிலேயே மோட்டார் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவர். மந்திரித்த வண்டிக்கு எது போதும் என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு
மரியசூசை

*

மதராஸ்
26-4-1971

மரியாதைக்குரிய மச்சானுக்கு செபாஸ்டின் வணக்கம் சொல்லி எழுதுவது. எல்லோரும் சுகம். ராஜமேரியின் முதுகு வலி தைலத்துக்கு அடங்கிவிட்டது. கார் வாங்கிய சேதி கேட்டு அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கேட்டதற்குப் பதில். சட்டம் கட்டாயம் என்று கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் கார் ரோட்டில் போகிற ஒருவர் மேல் மோதி அவருக்கு ஏதாவது ஆனால், அந்த நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்கும். அதுதான் ஏஜெண்டு சொன்ன சிறிசு. அதில் உங்கள் காருக்கு ஒன்றும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. நீங்கள் ஏற்றிக்கொண்டு போகிற சொந்தபந்தம், சிநேகிதர் யாருக்கும் கிடையாது. வெளியே இருப்பவருக்குக் குடை பிடிக்கும், உள்ளே இருப்பவர் நனைவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிசு என்பது காருக்கு வரும் சேதம், தீ, திருட்டு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். இவை போக, கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் இன்னின்னாருக்கும் பொறுப்பு என்று பாலிசியிலேயே சீட்டு ஒட்டித் தருவார்கள். என் யோசனை, பெரிசையே எடுங்கள். தொப்பூர் இறக்கத்தில் போய்வரப் போகிறீர்கள். எதை எடுத்தாலும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அண்ணிக்கு எங்கள் அன்பு.

தங்கள்
செபாஸ்டின்

*

சேசு மரி சூசை

அதியமான்கோட்டை
9-5-1971

அன்பான மாப்பிள்ளைக்கு, இங்கே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே கடல் காற்று இருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள்.

சிறிசையே எடுத்துவிட்டேன், கோபிக்காதீர்கள். வண்டி விலையில் பாதியை இன்சூரன்சுக்குக் கொடுத்தால் ஊர் என்னைப் பார்த்துக் கைகொட்டும். அந்த ஏஜெண்டு விடவில்லை. "எதுக்கும் இருக்கட்டுங்க, சின்னத் தொகைதானுங்க" என்று மூக்கால் அழுது ஏதோ ஒரு துண்டுச் சீட்டைக் கடைசியில் ஒட்டினார். போகட்டும், அந்த ஆளுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும் என்று கொடுத்துவிட்டேன். இங்கிலீஷில் இருக்கிறது, யார் படிப்பது. பெட்டியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. திருநாளுக்கு நீங்கள் வந்தால் ஒரு சுற்று கூட்டிப் போகிறேன்.

மரியசூசை

*

சேசு மரி சூசை

அதியமான்கோட்டை
14-6-1971

அன்பான மாப்பிள்ளைக்கு, உயிரோடு இருக்கிறேன் என்பதுதான் சுகச் செய்தி. வீட்டில் மற்றவர்களுக்குக் குறை இல்லை. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் பிரசங்கச் சாமியாரை அழைத்துவரச் சேலத்துக்குக் கிளம்பினேன். மாதையனும் கூட வந்தார். தொப்பூர் இறக்கத்தில் ஒரு வளைவில் லாரி ஒன்று என் பக்கமாக ஏறி வந்தது. ஒதுக்கினேன். வண்டியின் இடப் பக்கம் ஓரச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாதையனுக்கு இடது கால் நசுங்கிவிட்டது. சேலம் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சாமியார் பஸ்ஸில் வந்து சேர்ந்தார், திருநாள் நடந்தது.

போலீசுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். "மாதையன் என் தம்பி போன்றவர். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்" என்று எழுதியிருக்கிறேன். அவருக்கு ஏதாவது கிடைக்க வழி உண்டா? ஏர் பிடிக்கிற மனுஷன். மூன்று பெண் பிள்ளைகள். உடனே பதில் போடுங்கள்.

மரியசூசை

*

மதராஸ்
19-6-1971

மரியாதைக்குரிய மச்சானுக்கு, உங்கள் கடிதத்தை ராஜமேரிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். நீங்கள் பிழைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி. நாங்கள் சுகமாக இருக்கிறோம்.

சொல்லவே மனமில்லை. நீங்கள் எடுத்த பாலிசியில், சிநேகிதராக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்குக் கம்பெனி ஒரு பைசா கொடுக்காது. மாதையன் ரோட்டோரம் நடந்துபோய் உங்கள் கார் அவர் மேல் மோதியிருந்தால் கிடைத்திருக்கும். சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு, சுவரில் உரசினதில் முழங்காலுக்குக் கீழே மட்டும் எப்படி நசுங்கும்? கதவு உள்ளே வந்ததா? நான் தினமும் இந்த மாதிரிக் காகிதங்களைப் பார்க்கிறவன், அதனால் கேட்கிறேன். அந்தப் பாலிசியை அப்படியே தபாலில் அனுப்புங்கள். நடந்ததையும் நடந்தபடி எழுதுங்கள்.

தங்கள்
செபாஸ்டின்

*

அதியமான்கோட்டை
7-7-1971

அன்புள்ள ராஜமேரிக்கு உன் அண்ணி புஷ்பமேரி கண்ணீரோடு எழுதுவது. நீ, தம்பி, பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

தம்பி போட்ட கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. உன் அண்ணன் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார், பதில் எழுதவில்லை. அவர் எழுதமாட்டார். நான் எழுதுகிறேன்.

மாதையன் சீட்டில் உட்காரவே இல்லை. அன்றைக்குப் பின் சீட்டில் சாமியாருக்காக வெள்ளை வேட்டி துவைத்து விரித்திருந்தோம். விரித்தது நான்தான். முன் சீட்டில் சாமியாருக்குப் போடுகிற மாலையை ஈரத் துணி சுற்றி வைத்திருந்தோம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற, சாமியார் பெட்டியைத் தூக்க, ஏற்றத்தில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கல் வைக்க என்று மாதையனை இவர்தான் வரச் சொன்னார். அவன் காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்தான். பின் கதவில் கை வைத்தான். இவர், "டேய், வெள்ளைத் துணி விரிச்சிருக்குது, உன் வேட்டியப் பாரு. முன்னாடி மாலை இருக்குது. ஃபுட்போர்டுல நின்னுக்கடா, சேலம் என்னா சீமையிலயா இருக்குது" என்றார். அவன் சிரித்துக்கொண்டே ஏறி நின்றான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரட்டும் என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. சாமியாருக்குப் போடுகிற மாலை அவன் மடியில் இருக்கலாமா என்றுதான் எனக்கும் தோன்றியிருக்கும். இதை எழுதவே கூசுகிறது.

இப்போது மாதையன் பெண்டாட்டி தீர்த்தம்மாள் தனியாகக் கூலிக்குப் போகிறாள். பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள். நம் வீட்டைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். திட்டினால்கூடத் தேவலை.

தம்பி கேட்ட பாலிசியைப் பெட்டியிலிருந்து எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இவருக்குத் தெரியாது.

உன் அண்ணி
புஷ்பமேரி

*

மதராஸ்
15-7-1971

மரியாதைக்குரிய மச்சானுக்கு, உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தது. அண்ணி ராஜமேரிக்கு எழுதியதை நானும் படித்தேன். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

பாலிசியின் கடைசிப் பக்கத்தில் ஏஜெண்டு மூக்கால் அழுது ஒட்டிய சீட்டு இருக்கிறதே, அதைத் தமிழில் சொல்கிறேன். காரின் சொந்தக்காரரிடம் சம்பளத்துக்கோ கூலிக்கோ இருப்பவர், அவர் வேலையாக அந்தக் காரில் வரும்போது அடிபட்டால், அந்தப் பொறுப்பைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும்.

மச்சான், மாதையன் உங்கள் கூலியாள் என்றால் அவருக்கு உண்டு. உங்கள் தம்பி போன்றவர் என்றால் இல்லை. நல்ல மனசோடு எழுதியதாகத் தெரிகிற அந்த ஒரு வரிதான் அவருக்கு வரவேண்டியதை மறித்துக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அவராக ஆசைப்பட்டு ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டு வந்தார் என்று கம்பெனி வக்கீல் சொல்லுவார், தப்பை அவர் தலையிலேயே கட்டுவார். உள்ளே இடம் இருந்தும் நீங்கள்தான் வெளியே நிற்கச் சொன்னீர்கள் என்பதை நீங்களே கோர்ட்டில் சொல்லவேண்டும். முன்னே எழுதிக் கொடுத்தது பொய் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டும். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார்கள், அதற்கும் பதில் வேண்டும். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மாதையன் பேரில் மனு போடவேண்டும். சேலத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

தங்கள்
செபாஸ்டின்

*

சேசு மரி சூசை

அதியமான்கோட்டை
2-9-1971

அன்பான மாப்பிள்ளைக்கு, மழை பரவாயில்லை. தக்காளி இந்த வருஷம் நல்ல காய்ப்பு, விலைதான் இல்லை, மாரண்டஹள்ளிச் சந்தையில் மாட்டுக்குப் போடுகிறார்கள். கோயிலுக்குப் புது மணி வாங்கக் கமிட்டி கூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறார்களா?

உங்கள் கடிதம் கிடைத்தது. மாதையனுக்கு என்னால் ஆனதை நானே செய்துவிடுகிறேன். மேட்டு நிலத்தில் ஒரு பாகத்தை அவன் பேருக்கு எழுதி வைக்கிறேன், பெரிய பெண் கல்யாணத்தையும் பார்த்துக்கொள்கிறேன். இன்சூரன்சும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். நீங்கள் சொல்லுகிற வார்த்தையை அந்தக் கூண்டில் ஏறிச் சொல்ல எனக்கு வாய் வராது. நம் ஊர் ஆட்கள் பாதிப் பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசையில் நிற்கிறவன் நான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவர் கொடுத்த அபராதத்தையும் செய்து முடித்துவிட்டேன். இதோடு விடுங்கள்.

மரியசூசை

*

மதராஸ்
10-9-1971

அண்ணாவுக்கு ராஜமேரி எழுதுவது. எங்களுக்குச் சுகம். உங்களுக்கு இருக்காது என்று தெரிகிறது, இருக்கவும் வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை மரியாதை பார்த்து எழுதுகிறவர். நான் உங்கள் கூடப் பிறந்தவள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாமியாருக்கா அண்ணா கால் போனது?

மேட்டு நிலத்தை எழுதி வைப்பேன் என்கிறீர்கள். அந்த மேட்டில் ஒற்றைக் காலோடு அவன் எதை விதைப்பான்? நீங்கள் கொடுத்தால் மரியசூசை தங்கமான மனுஷன், கூலிக்காரனுக்கு நிலம் கொடுத்தார் என்று ஊர் சொல்லும். இதிலும் உங்களுக்கே பேர் வேண்டுமா? கோர்ட்டில் அவனுக்குக் கிடைத்தால் அது அவன் காலுக்கு உள்ள கிரயம். அதை வாங்கிக்கொண்டு அவன் யாருக்கும் கும்பிடு போடவேண்டாம்.

என் கல்யாணத்தன்று மாதையன் பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டான். நான் மணவறையிலிருந்து பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இப்போது வாயைத் திறந்து சொல்லவேண்டிய இடத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். டிசம்பர் பிறந்தால் மனுப் போடக் காலம் முடிந்துபோகும்.

ராஜமேரி

*

சேசு மரி சூசை

அதியமான்கோட்டை
26-3-1972

அன்பான மாப்பிள்ளைக்கும் ராஜமேரிக்கும் மரியசூசை எழுதுவது. எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்களும் அப்படியே இருக்கவேண்டும். இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். நவம்பரிலேயே மனுப் போட்டாகிவிட்டது, வக்கீல் உங்களுக்கு எழுதியிருப்பார். நான் எழுதவேண்டியதை நடந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். போன வாரம் சாட்சி சொல்லிவிட்டேன். வேறு யாராவது எழுதிவிடுமுன் நானே எழுதுகிறேன்.

சேலம் கோர்ட்டுக்கு நம் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு கூட்டமே வந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் முன் பெஞ்சியில். மாதையன் கட்டைக் காலோடு ஓரமாக நின்றான். உட்காருப்பா என்று டவாலிச் சேவகன் சொல்லியும் உட்காரவில்லை.

கம்பெனி வக்கீல் இளவட்டம், ஆனால் கெட்டிக்காரர். நான் போலீசில் எழுதிக் கொடுத்ததை எடுத்து உரக்கப் படித்தார். "மாதையன் என் தம்பி போன்றவர். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்." இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையா என்றார். இல்லை என்றேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். மாதையன் என்னிடம் கூலிக்கு இருக்கிறவன் என்றேன். அன்றைக்கு வேலைக்குத்தான் கூட்டிப்போனேன் என்றேன். பின் சீட்டு காலியாக இருந்தது என்றேன். முன் சீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். மாலை இருந்தது என்றேன். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. "மாலையா?" என்று திரும்பக் கேட்டார். ஆமாங்க, மாலை என்றேன். ஃபுட்போர்டில் நிற்கச் சொன்னது யார் என்றார் வக்கீல். நான்தான், வேட்டி அழுக்காக இருக்கிறது என்று சொல்லி நிற்கச் சொன்னேன் என்றேன்.

நஷ்டஈடு வாங்கிக் கொடுக்க இப்போது கதையை மாற்றுகிறீர்கள், முன்னே எதற்காகப் பொய் எழுதினீர்கள் என்று கேட்டார். வீட்டில் ஒத்திகை பார்த்துப் போனது வேறு. "வெக்கமா இருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னேன். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். நேற்றுத் தீர்ப்பு. கம்பெனி கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவன் காலம் முழுக்கக் கையேந்தாமல் இருக்கப் போதும், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பெரியவளைத் திரும்பச் சேர்க்கப்போகிறாள் தீர்த்தம்மாள்.

கமிட்டித் தலைமையை விட்டுவிட்டேன். யாரும் விடு என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு ஆகவில்லை மாப்பிள்ளை. ஏன் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

சாட்சி சொன்ன அன்றைக்கு, வெளியே வந்து மாதையனும் நானும் டீக்கடையில் உட்கார்ந்தோம். அவன் டீயை வாங்கிப் பெஞ்சியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். என்னைக் கேவலமாகப் பேசப்போகிறான், பேசட்டும் என்று காத்திருந்தேன். அவன், "ஐயா, அந்த வக்கீலு மொதல்ல ஒரு காயிதம் படிச்சாருங்களே, உங்க தம்பி மாதிரின்னு, பக்கத்துல குந்தியிருந்தேன்னு. அது நீங்க எழுதினதுங்களா?" என்று கேட்டான்.

ஆமாம் மாதையா, அது பொய், அதனால்தான் உனக்கு இத்தனை நாள் இழுத்தது என்றேன்.

"பொய்தானுங்க. எனக்குத் தெரியாதுங்களா. இருந்தாலும் கவருமெண்டு காயிதத்துல அப்பிடி ஒண்ணு இருக்குதுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். அது ஒண்ணு, காப்பி கெடைக்குங்களா? வூட்டுல வெச்சுக்கிறேன். புள்ளைங்க படிக்குங்க."

மாப்பிள்ளை, கோர்ட்டில் அதற்கு நகல் வாங்க என்ன செய்யவேண்டும், யாருக்கு மனு எழுதவேண்டும் என்று விசாரித்து எழுதுங்கள். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்பதையும் எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு
மரியசூசை